ஓங்கோல் குன்றில் ஒரு விடியற்காலை

சென்னையை விட்டு வடக்கே செல்லும் ரயிலில் நம்மில் பலர் பன்முறை பிரயாணம் செய்திருக்கிறோம். கல்கத்தாவில் உத்தியோகம் பார்ப்பவரும், டில்லியில் குடும்பம் நடத்துபவரும், ஜாம்ஷெட்பூர் உருக்காலையில் பணிபுரிபவரும் விடுமுறை கழித்துத் திரும்பும்போது கூடூர், நெல்லூர் என்று ஒவ்வொரு நிலையமாகக் கடந்து போகிறோம். சென்னையிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் போனதும் ஓங்கோல் வருகிறது. வண்டி சிறிது நேரம் நிற்கும். வீட்டில் கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தை இப்போதே பிரிப்பதா, விஜயவாடா வரும்வரை பொறுப்பதா என்று யோசிப்போமே அன்றி, அந்த ஊரைப் பற்றி நாம் நினைப்பதில்லை. கிறிஸ்தவ விசுவாசத்தில் காத்திருத்தல் என்பதைப் பற்றிப் பேச வந்தவர்கள் ரயில் வண்டியில் தொடங்குவானேன் என்று நேயர்கள் எண்ணலாம். காத்திருத்தலின் அருமையையும் அதன் ஆபத்தையும் ஒருங்கே காட்டும் வரலாறு ஒன்று அந்த ஊரில் நடந்திருக்கிறது. ஆதலால் அங்கேயே சற்று இறங்கிப் பார்ப்போம்.

முதலில் வேதாகமத்தைப் பற்றி ஓரிரு வார்த்தை. காத்திருந்தவர்களின் வரிசை அதில் நீண்டது. ஆபிரகாம் கர்த்தருடைய சொற்கேட்டு ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. வாக்களிக்கப்பட்ட மகன் பிறந்தபோது வயது 100. இடைப்பட்ட 25 ஆண்டுகள் ஆதியாகமத்தில் பத்து அதிகாரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. நாம் அவற்றை ஒரு மாலைப்பொழுதில் வாசித்து முடிக்கிறோம். சாராள் அந்த ஆண்டுகளை ஒரு மாலைப்பொழுதில் கழித்தவள் அல்லள். லாசரு நோயுற்றிருக்கிறான் என்று செய்தி வந்த பின்னும் ஆண்டவர் தாம் இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கினார் என்று யோவான் எழுதியிருக்கிறார். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மாண்டிருக்க மாட்டானே என்று மார்த்தாள் முறையிட்டதையும் அவர் மறைக்கவில்லை. சுவிசேஷத்தில் அந்த முறையீட்டிற்கு இடம் இருக்கிறது. நம்முடைய துக்க வீடுகளில்தான் இடமில்லை. எல்லாம் ஆண்டவருடைய வேளையில் நடக்கும் என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். அந்த வாக்கியம் பொய் என்று நாம் சொல்லவில்லை. அதைச் சொல்பவர் காத்திருக்கிறாரா, கேட்பவர் மட்டும் காத்திருக்கிறாரா என்பதே கேள்வி.

இனி ஓங்கோல் வரலாறு. 1836ஆம் ஆண்டு சாமுவேல் டே என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் ஊழியர் தெலுங்கு மக்களிடையே பணிபுரிய இந்தியாவுக்கு வந்தார். வடக்கே கடற்கரை ஊர்களில் சில காலமும், சென்னையில் மூன்று ஆண்டுகளும் இருந்துவிட்டு, 1840இல் நெல்லூரில் தங்கினார். உழைப்புக்குக் குறைவில்லை; பலனோ விரல்விட்டு எண்ணக்கூடியதாயிருந்தது. உடல்நலம் குன்றி அவர் தாயகம் திரும்ப நேர்ந்தது. 1849இல் லைமன் ஜூவெட் என்பவர் நெல்லூருக்கு வந்து சேர்ந்தார். கால்டுவெல் ஐயர், போப்பையர் என்று நம் முன்னோர் அழைத்த முறைப்படி நாமும் அவரை ஜூவெட் ஐயர் என்றே அழைப்போம். அவர் காலத்திலும் நிலைமை அதிகம் மாறவில்லை.

பணம் அனுப்பிக்கொண்டிருந்த அமெரிக்கச் சங்கத்தாருக்குச் சலிப்புத் தட்டியது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பர்மாவில் அதே சங்கத்தின் பணி செழித்துக்கொண்டிருக்க, நெல்லூருக்கு மட்டும் ஏன் ஆளையும் பொருளையும் அனுப்ப வேண்டும் என்று கேட்டார்கள். 1853இல் ஆல்பனி நகரில் கூடிய மாநாட்டில் நெல்லூர்ப் பணியை மூடிவிடுவது பற்றி விவாதம் நடந்தது. தேசப்படத்தில் ஊழிய நிலையங்களை நட்சத்திரங்களாகக் குறித்திருந்தார்கள். தெலுங்கு நாட்டில் இருந்தது ஒரே ஒரு நட்சத்திரம். பேச்சினிடையே யாரோ அதைத் தனி நட்சத்திரம் என்று குறிப்பிட்டார். அமெரிக்க தேசப்பாடல் ஒன்றை இயற்றியவரான சாமுவேல் ஸ்மித் அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு அன்றிரவே ஒரு பாட்டு எழுதினார். மறுநாள் அது சபையில் வாசிக்கப்பட்டது. பணியை மூடும் யோசனை கைவிடப்பட்டது. ஒரு பாட்டினால் ஒரு தீர்மானம் மாறியது கவிகளுக்குப் பெருமைதான். ஆயினும் 1862இல் அதே யோசனை மீண்டும் தலைதூக்கியது. அப்போது அமெரிக்கா சென்றிருந்த ஜூவெட் ஐயர், சங்கம் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் தாம் திரும்பிப் போய்த் தெலுங்கு மக்களிடையே வாழ்ந்து அங்கேயே மடியப்போவதாகச் சொல்லிவிட்டார். அப்படியானால் உம்மை அடக்கம் செய்யவாவது ஓர் ஆளை உடன் அனுப்ப வேண்டும் என்று சங்கத்தின் காரியதரிசி சொன்னதாகச் சொல்வார்கள்.

அவருக்கு அத்தனை உறுதி எங்கிருந்து வந்தது? அதற்குத்தான் குன்றின் மேல் ஏற வேண்டும்.

1854ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி. ஜூவெட் ஐயரும் அவர் மனைவியாரும் கிராமங்களில் பிரசங்கம் செய்துகொண்டு ஓங்கோலுக்கு வந்திருந்தனர். உடன் நர்சு என்ற தெலுங்கு விசுவாசியும், ஜூலியா, ரூத் என்ற இரு பெண்மணிகளும் இருந்தனர். பொழுது விடியும் முன்னர் ஐவரும் ஊரருகே உள்ள குன்றின் மேலேறி ஜெபித்தார்கள். கீழே கள்ளி படர்ந்த ஒரு நிலத்தைச் சுட்டிக்காட்டி, அந்த இடம் ஊழியத்திற்குக் கிடைக்க வேண்டும், ஓங்கோலுக்கு ஓர் ஊழியர் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். பிறகு இறங்கி நெல்லூருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் கேட்ட ஊழியர் ஜான் கிளஃப் ஓங்கோலில் வந்து குடியேறியது 1866இல். இடையில் 12 ஆண்டுகள். டே ஐயர் வந்ததிலிருந்து கணக்கிட்டால் 30 ஆண்டுகள்.

இம்மட்டும் சொல்லி நிறுத்தினால் நல்ல ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் ஒன்று ஆகிவிடும். பொறுமையாயிருந்தார்கள், பலன் பெற்றார்கள் என்று முடித்துவிடலாம். ஆனால் நம் கண்ணில் படுவது வேறொரு செய்தி. குன்றின் மேல் காத்திருந்தவர்கள் எந்தத் திசையை நோக்கிக் காத்திருந்தார்கள்? உயர்குலத்தார் முதலில் வருவார்கள், அவர்களைப் பின்பற்றி ஏனையோர் வருவார்கள் என்பதே அக்காலத்து ஊழியர் பலரின் எண்ணம். கதவு திறந்தபோது அது அந்தத் திசையில் திறக்கவில்லை.

ஓங்கோலுக்கு மேற்கே தாளகொண்டபாடு என்ற சிற்றூரில் எர்ரகுண்ட்ல பேரய்யா என்பவர் வாழ்ந்தார். தோல் பதனிட்டுச் செருப்புத் தைக்கும் மாதிகர் வகுப்பைச் சேர்ந்தவர். தோல் வியாபாரத்துக்காகப் பல ஊர்களுக்குப் போய் வருபவர். ஊருக்கு வெளியே சேரியில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்களில் ஒருவர். அவர் குருவை நாடி யோகம் பயின்றார். பல காலம் அமர்ந்து தியானித்தும் மனம் நிறைவடையவில்லை. வியாபாரத்துக்குப் போன இடத்தில் கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்பட்டு, இதுதான் நாம் தேடியது என்று உணர்ந்தார். 1866இல் அவரும் அவர் மனைவியாரும் ஓங்கோலுக்கு நடந்து வந்து ஜூவெட் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றனர். குன்றின் மேல் ஐவர் காத்திருந்த அதே ஆண்டுகளில், மேற்கே ஒரு சேரியில் இவரும் காத்திருந்திருக்கிறார். இவருடைய காத்திருத்தலைப் பற்றி எந்த மாநாட்டிலும் விவாதம் நடக்கவில்லை. எந்தக் கவிஞரும் பாட்டு எழுதவில்லை.

ஊர் திரும்பிய பேரய்யா சும்மா இருக்கவில்லை. தம் உறவினர்களிடம் சொன்னார். அவர்கள் தங்கள் உறவினர்களிடம் சொன்னார்கள். சிறிது காலத்தில் கிளஃப் ஐயருக்கு அழைப்பு வந்தது. 1867 ஜனவரியில் அவர் தாளகொண்டபாட்டுக்குப் போய்ப் புளியந்தோப்பில் கூடாரமடித்துத் தங்கினார். அக்கம் பக்கத்துச் சேரிகளிலிருந்து ஆண்களும் பெண்களும் மாற்றுத் துணியும் சில நாட்களுக்கு வேண்டிய உணவுமாக மூட்டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். எங்களுக்குக் கற்பியுங்கள், பிறகு ஞானஸ்நானம் கொடுங்கள், அதற்கு ஆயத்தமாகவே வந்திருக்கிறோம் என்றார்கள். ஐந்து நாள் கழித்து 28 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். முப்பது ஆண்டுகளில் நெல்லூர் கண்டிராததை ஒரு புளியந்தோப்பு கண்டது.

இதனால் ஓங்கோலில் நெருக்கடி ஒன்று உண்டாயிற்று. ஊரிலுள்ள பிராமணக் குடும்பத்துச் சிறுவர்கள் ஐயருடைய பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார்கள். மாதிகரைச் சேர்த்துக்கொள்வதானால் எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று பெற்றோர் தெரிவித்தனர். கிளஃப் ஐயர் கலங்கினார். அவர் ஒரு பக்கமும் அவர் மனைவியார் மற்றொரு பக்கமுமாகத் தனித்தனியே வேதத்தைத் திறந்ததாகவும், இருவர் கண்ணிலும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரமே பட்டதாகவும் அவர் எழுதிவைத்திருக்கிறார். உலகம் இழிவென்று தள்ளியவர்களையே கடவுள் தெரிந்துகொண்டார் என்று பவுல் எழுதிய பகுதி அது. தற்செயல் என்று சொல்பவர் சொல்லட்டும். ஐயர் மாதிகர் பக்கம் நின்றார்; பள்ளி வெறுமையாயிற்று. முப்பதாண்டுக் காலம் ஒரு திசையை நோக்கிக் காத்திருந்தவருக்குத் தலையைத் திருப்பிப் பார்ப்பது எளிதான காரியம் அன்று. அந்தப் பணியின் பொறுமையைக் காட்டிலும் இந்தத் திரும்புதலே அரிது என்று நமக்குத் தோன்றுகிறது.

பிறகு வந்தது பஞ்சம். நம் பாட்டன் பூட்டன் காலத்துக் கதைகளில் தாது வருஷப் பஞ்சம் என்று கேட்டிருப்போமே, 1876 முதல் 1878 வரை நீடித்த அதே பஞ்சம். சேலம், ஆற்காடு, பல்லாரி, நெல்லூர் என்று சென்னை ராஜதானியின் பெரும்பகுதி வாடியது. பல லட்சம் உயிர்கள் மடிந்தன. மழை பொய்த்தது உண்மை. மக்கள் பட்டினியால் சாகையில் தானியம் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்ததும் உண்மை. இந்தப் பஞ்சத்தைத் தேவனுடைய வேளை என்று சிலர் பிற்காலத்தில் எழுதினார்கள். அப்படிச் சொல்ல நாம் துணியோம். பசித்துச் செத்த குழந்தையின் தாயிடம் போய் அதைச் சொல்ல முடியாதென்றால், வானொலியிலும் சொல்லக்கூடாது.

பஞ்ச நிவாரண வேலையாக அரசாங்கம் கால்வாய் வெட்டியது. சென்னையில் மயிலாப்பூருக்கு அருகே அடையாற்றையும் கூவத்தையும் இணைத்துச் செல்லும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்த ஆண்டுகளில் வெட்டப்பட்டதுதான். அக்காலத்துச் சென்னை ஆளுநரின் பெயரைக் கால்வாய்க்கு இட்டார்கள். அதே கால்வாயில் ஓங்கோலுக்கு அருகே மூன்று மைலுக்கு மேற்பட்ட பகுதியைத் தோண்டும் குத்தகையைக் கிளஃப் ஐயர் ஏற்றார். இளமையில் நில அளவை கற்றிருந்தது அவருக்கு உதவியது. கூலி சரியாகக் கிடைக்கும், அடி உதை இல்லை என்று கேள்விப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வந்தனர். உபதேசியார்களே மேஸ்திரிகள். மண் சுமந்து களைத்தவர்கள் உட்கார்ந்து இளைப்பாறுகையில், வருத்தப்பட்டுப் பாரம் சுமக்கிறவர்களை அழைக்கும் வசனத்தை அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். தெலுங்கில் கிளஃப் ஐயர் முதன்முதலில் மனப்பாடம் செய்த வசனமும் அதுவே. தலையில் மண்கூடை இருக்கும்போது அந்த வசனத்துக்கு வியாக்கியானம் தேவையில்லை.

இந்த இடத்தில்தான் காத்திருத்தல் தலைகீழாகிறது. ஜனங்கள் ஞானஸ்நானம் கேட்டார்கள், ஐயர் மறுத்தார். முப்பது ஆண்டு எதிர்பார்த்த அறுவடை வாசலில் வந்து நிற்கையில், ஏறக்குறைய 15 மாத காலம் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. சோற்றுக்காக வந்தார்கள் என்ற சொல் அவர்கள் மேல் விழக்கூடாது, கூலி கொடுக்கும் கையால் திருமுழுக்கும் கொடுக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். பஞ்சம் தணிந்தது, கால்வாய் வேலை நின்றது, நிவாரணப் பணமும் தீர்ந்தது. இனிக் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை, ஊருக்குப் போய் உழுது பிழையுங்கள் என்றார். அவர்கள் போகவில்லை. எங்களுக்குப் பணம் வேண்டாம், இன்றும் கேட்கமாட்டோம், இனியும் கேட்கமாட்டோம், உழைத்தே பிழைக்கிறோம் என்பதற்கு எங்கள் கையிலுள்ள கொப்புளங்களே சாட்சி, பயிர் பொய்த்தால் சாவோம், ஆனால் கிறிஸ்தவர்களாகச் சாக விரும்புகிறோம் என்று அவர்கள் வாதாடியதை ஐயரே பதிவு செய்திருக்கிறார். இப்போது காத்திருந்தவர்கள் அவர்கள், காக்கவைத்தவர் அவர். யாருடைய பொறுமை பெரிது என்று நேயர்களே தீர்மானிக்கலாம்.

1878 ஜூலை 3ஆம் தேதி, ஓங்கோலுக்கு வடக்கே சுமார் பத்து மைல் தொலைவில், வெல்லம்பள்ளி அருகே குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். முந்திய நாள் 614, மறுநாள் 700. ஆக மூன்று நாளில் 3,536 பேர். குருப்பட்டம் பெற்ற தெலுங்குப் போதகர்கள் ஆறு பேர், இருவர் இருவராக முறை மாற்றிக்கொண்டு ஆற்றில் நின்றார்கள். கரையில் பெயர்ப்பட்டியலை வாசித்து ஒவ்வொருவராக இறக்கினார்கள். அக்கரைச் சீமைப் பத்திரிகைகள் இந்த எண்ணைக் கொண்டாடின. ஐயமும் கண்டனமும் கூடவே எழுந்தன. எண்ணிக்கையைக் கண்டு நாம் மயங்க வேண்டியதில்லை. சேரியை விட்டு ஆற்றங்கரைக்கு வந்தவர் மறுநாளும் சேரிக்கே திரும்பினார். ஊர்க் கிணறு அவருக்கு அப்போதும் மூடியே இருந்தது. அந்தக் காத்திருத்தல் ஞானஸ்நானத்தோடு முடியவில்லை. முழுவதும் முடிந்துவிட்டது என்று இன்றைக்கும் நம்மால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலாது.

காத்திருத்தல் என்றால் கைகட்டிக் குந்தியிருத்தல் என்று பொருள் கொள்பவர் உண்டு. குன்றின் மேல் ஜெபித்த ஜூவெட் ஐயர் இறங்கி வந்து தெலுங்கு வேதாகமத்தைத் திருத்தும் வேலையில் ஆண்டுக்கணக்காக உழைத்தார். பேரய்யா தோல் மூட்டையைச் சுமந்துகொண்டே தேடினார். கிளஃப் ஐயர் கால்வாய் அளந்தார். வேலைக்கும் ஜெபத்துக்கும் இடையே அவர்கள் கோடு கிழித்துக்கொள்ளவில்லை. ஆனால் நாம் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு, அதன் வடிவத்தையும் நாமே வரைந்துவிட்டு, அந்த வடிவில் அது வரவில்லை என்று கடவுள்மேல் குறை சொல்வதுண்டு. சொந்த ஊருக்கு இடமாற்றம் கேட்டுப் பத்து வருஷம் விண்ணப்பம் எழுதிய நண்பர் ஒருவரை நாம் அறிவோம். பதினோராவது வருஷம் உத்தரவு வந்தபோது, அடுத்த வீட்டு வங்காளிக் கிழவருக்கு மருந்து வாங்கித்தர இனி யார் இருக்கிறார்கள் என்று அவர் தவித்தார். பத்து வருஷமும் தாம் வீணே காத்திருந்ததாகவே அவர் எண்ணியிருந்தார்.

ஜூவெட் ஐயரின் வரலாற்றில் ஒரு பகுதியை இன்னும் சொல்லவில்லை. குண்டலகம்மா ஆற்றில் அந்தப் பெருங்கூட்டம் திரண்ட 1878ஆம் ஆண்டிலேயே, அறுபது வயதைக் கடந்திருந்த அவர் நெல்லூரை விட்டுச் சென்னைக்குப் போனார். அங்கே தெலுங்கு பேசும் மக்களிடையே புதிதாக ஓர் ஊழியத்தைத் தொடங்கினார். பழைய இடத்தில் அறுவடை நடக்கும்போது, கிழவர் புதிய இடத்தில் மறுபடியும் சிலரோடு தொடங்குகிறார். தமிழ் பேசும் நகரத்தில் ஒரு சிறு தெலுங்குச் சபை.

இதைப் படித்தபோது நமக்கு நம்முடைய சபைகளே நினைவுக்கு வந்தன. பிற மாநில நகரங்களில் தமிழ்ச் சபைகள் பலவற்றுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. வேறு மொழிச் சபையாரின் ஆலயத்தை ஞாயிறு மாலைக்கு இரவல் வாங்கி ஆராதனை நடத்துகிறோம். அவர்களுடைய ஆராதனை சில நாள் நீண்டுவிடும். பாட்டுப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று அதட்டிக்கொண்டு, வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறோம். உள்ளே நமக்குப் புரியாத மொழியில் கடைசிப் பாட்டு பாடப்படுகிறது. ராகம் தெரிந்த ராகம். நம்மில் வயதான அம்மாள் ஒருவர் மரத்தடியில் நின்றபடியே அதைத் தமிழில் மெல்லப் பாடத் தொடங்குகிறார்.